பாசி சொல்லும் கணக்கு

கடலுக்கு இவ்வளவு அருகில் குடியிருந்துகொண்டு, வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை வைத்துக் காப்பது வீண்வேலை என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. சாத்தாங்காட்டில் எங்கள் தெருவிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் பக்கிங்காம் கால்வாய், அதைக் கடந்தால் திருவொற்றியூர், அதற்கப்பால் கடல். ஆனால் கடல் அருகில் இருப்பது வேறு, கடல்நீர் நல்ல நிலையில் இருப்பது வேறு. இதனை வடசென்னைவாசி எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தொட்டி என்னுடையதன்று, என் தங்கை மகனுடையது. இரும்பு எஃகு அங்காடியில் பாரம் ஏற்றி இறக்கும் பணியில் பத்தாண்டுகளுக்கும் மேல் இருந்தவன் அவன். முதுகுத்தண்டில் ஏற்பட்ட பாதிப்பினால், இனிக் கனமான எதையும் தூக்கலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய தொழில் எது என்று தேடித்தேடி, கடைசியில் வண்ணமீன் வளர்ப்பில் வந்து நின்றான். கொளத்தூரில் வண்ணமீன் வணிகம் எவ்வளவு பெரிது என்பதைச் சென்னை மக்கள் அறிவர். நன்னீர் மீன்களை வளர்ப்போர் ஆயிரம் பேர் உண்டு. கடல்மீன் வளர்ப்போர் குறைவு. ஆகவே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து விற்பதென்று முடிவு செய்தான். என் தங்கை தன் இரு வளையல்களை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள். நானோ பள்ளியொன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பதாண்டுகள் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். "தண்ணி விஷயமெல்லாம் நீங்க பாத்துக்குங்க மாமா" என்று அவன் சொன்னபோது மறுக்கத் தோன்றவில்லை. 2023 அக்டோபர் நடுவில் தொட்டி வந்து இறங்கியது. நீளம் 3 அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. மணலும் கல்லும் போக ஏறத்தாழ 160 லிட்டர் நீர் கொள்ளும்.

இப்படிப்பட்ட ஆசை சென்னைக்குப் புதியதன்று. மெரினா கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே கடல்மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக அமைந்த காட்சியகம் என்று அதனைக் கூறுவர். அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவானது அது. இரண்டாம் உலகப்போரின்போது 1942-இல் மூடப்பட்டது. அக்காலத்தில் வாசலிலேயே கடல் இருந்தது, நீரை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. எண்ணூர்க் கரையில் இலவசமாகக் கிடைக்கும் நீரைக் குடங்களில் கொண்டுவந்தால் என்ன என்று மருமகன் கேட்டான். அந்நீரில் என்ன கலந்திருக்கிறது என்று நானோ அவனோ அறிய முடியாது. அறிய முடியாததைத் தொட்டிக்குள் ஊற்றலாகாது என்றேன்.

ஆகவே உப்பை விலைக்கு வாங்கினோம். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடலின் உப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடே என்றாலும், மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் ஆகியனவும் தத்தம் அளவில் இருந்தால்தான் கடலுயிர்கள் வாழும். லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கலக்க வேண்டும். கலக்குவதற்கான நீரோ, உப்பு முற்றிலும் நீக்கப்பட்ட ஆர்.ஓ. நீராக இருத்தல் நன்று. குழாய்நீரில் உள்ள குளோரின் உயிர்களுக்கு நஞ்சு, பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்கு உணவு. ஒரு வேடிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. வடசென்னைக்கு நீர் வழங்குவதே அதன் நோக்கம். கடலிலிருந்து எடுத்து, பெருஞ்செலவில் உப்பை நீக்கி, குழாய் வழியே அனுப்பிய நீரை, நாங்கள் மறுபடியும் வடிகட்டி, காசு கொடுத்து வாங்கிய உப்பைப் போட்டுக் கடலாக்கினோம். "இதுக்கு நேரா கடல்லயே உக்காந்துக்கலாமே" என்றாள் என் தங்கை.

கல் வாங்கச் சென்ற இடத்தில் ஒரு வணிகர், இராமேசுவரத்திலிருந்து வந்த உயிர்ப்பாறை என்று பவளக்கல்லைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கல்லாக இறுகும் பவளங்கள் யாவும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்த காலம் போதும். துளைகள் நிறைந்த சுட்ட களிமண் துண்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பினோம். நுண்ணுயிர்கள் குடியேறத் துளைகள் இருந்தால் போதும். கல்லின் ஊர் எது என்று அவை கேட்பதில்லை.

புதிய தொட்டியில் முதலில் தெரிய வேண்டியது, கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர் தூய நீர் ஆகாது என்பதே. இரண்டாம் நாளிலேயே எங்கள் நீர் பளிங்குபோல் இருந்தது. மருமகன் அன்றே மீன் வாங்கப் புறப்பட்டான். நான் தடுத்தேன். மீன் விடும் கழிவும் தின்னாமல் எஞ்சும் உணவும் அம்மோனியாவாக மாறும். கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 8.2-ஐ ஒட்டி இருக்கும். அந்நிலையில், நன்னீரில் இருப்பதைக் காட்டிலும் கூடுதலான பங்கு அம்மோனியா நச்சு வடிவிலேயே நிற்கும். நம்முடைய வெப்பமும் அதற்குத் துணைபோகும். இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற ஒருவகை பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டும் நஞ்சே, அதனை, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். ஒன்று சமைத்ததை மற்றொன்று உண்ணும் இந்தத் தொடரை வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டு சொன்னார். புதிய தொட்டியில் இவை பெருகிக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். பணம் கொடுத்தும் இதனை அவ்வளவாக விரைவுபடுத்த இயலாது. மீன் இல்லாத தொட்டியில் ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, அதனால் உண்டாகும் அம்மோனியாவைச் சோதனைச் சொட்டுகளால் நாள்தோறும் அளந்தோம். குப்பியில் நிறம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு ஏறியது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. அவன் பிள்ளைகள் இருவரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதினார்கள்.

மூன்றாம் வாரத்தில் பாசி வந்தது. முதலில் வெண்மணல்மேல் பழுப்பாக ஏதோ படிந்தது. எங்கள் பகுதியில் எதன்மீது பழுப்பு படிந்தாலும் அது இரும்புத் துரு என்றே கொள்வது வழக்கம். அங்காடியிலிருந்து காற்றில் வந்த தூள் என்று அண்டை வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். விரலால் தொட்டால் வழவழவென்று கரைந்துபோயிற்று. துருவானால் அப்படிக் கரையாது. அது டயாட்டம் என்னும் நுண்பாசி. மணலிலும் நீரிலும் உள்ள சிலிக்கேட்டைக் கொண்டு தனக்குக் கண்ணாடி போன்ற ஓடு கட்டிக்கொள்ளும். புதிய தொட்டி எதிலும் முதல் விருந்தாளி அதுதான். சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போய்விடும். போயும்விட்டது. அடுத்து வந்ததுதான் உண்மையான சோதனை. கற்கள்மேல் பச்சை மயிர்போல் நீளநீளமாக முளைத்தது. பத்தே நாளில் கல் எது, பாசி எது என்று தெரியாமல் போயிற்று. மூலையில் செவ்வூதா நிறத்தில் சளிப் படலம் ஒன்றும் தோன்றியது. நீலப்பச்சைப் பாசி என்று பெயர் பெற்றாலும் அது உண்மையில் பாக்டீரியா இனம். நிறமும் பல வேளைகளில் சிவப்பு.

மருமகனுக்கு உறக்கம் போயிற்று. அடகுக்கடை வட்டி மாதந்தோறும் ஏறிக்கொண்டிருக்க, தொட்டியில் மீனுக்குப் பதில் புல் வளர்ந்தால் யாருக்குத்தான் உறக்கம் வரும்? ஒரு கடையில் பாசிக்கொல்லி மருந்து கொடுத்தார்கள். இன்னொரு கடையில், மனிதருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொன்னார்கள். இரண்டையும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தான். முதல் புட்டியில் தாமிரம் இருந்தது. அது பாசியைக் கொல்லும், அதனுடன் நத்தை, இறால், நண்டு அனைத்தையும் கொல்லும், கல்லிலும் மணலிலும் ஊறி நெடுநாள் தங்கும். மாத்திரை செந்நிறப் படலத்தை ஒழிக்கும். ஆறு வாரம் காத்திருந்து குடியேற்றிய பாக்டீரியாவையும் ஒழிக்கலாம். இரண்டுமே இறந்த பாசியைத் தொட்டிக்குள்ளேயே அழுகவிடும். அழுகியது மறுபடி அம்மோனியா, மறுபடி நைட்ரேட், மறுபடி பாசி.

"அப்ப என்னதான் மாமா பண்றது?" என்றான். குரலில் கோபம் இருந்தது, என்மீது அன்று.

பாசி எதைத் தின்று வளர்கிறது என்று முதலில் பார்ப்போம் என்றேன். நோட்டை எடுத்து வரவு செலவு எழுதினோம். உள்ளே போனவை: அழுகவிட்ட இறால் துண்டு; பிள்ளைகள் ஆசையாக, மீனே இல்லாத தொட்டியில் தூவிய உணவு; ஒரு முறை ஆர்.ஓ. நீர் தீர்ந்தபோது ஊற்றிய குழாய்நீர். மேற்கு ஜன்னல் வழியே விழும் மாலை வெயில். அதற்குமேல் பன்னிரண்டு மணிநேர விளக்கொளி. வெளியே வந்தது? ஒன்றுமில்லை. ஆவியாகிப் போன நீரைக் கணக்கில் எழுதினான் அவன். அதை அடிக்கச் சொன்னேன். நாளொன்றுக்கு 2 லிட்டர் வரை எங்கள் தொட்டியிலிருந்து ஆவியானது உண்மைதான். ஆனால் ஆவியாவது வெறும் நீர். உப்பும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒரு துளியும் குறையாமல் உள்ளேயே நிற்கும். அதனால்தான் குறைந்த அளவை உப்புநீரால் நிரப்பாமல் உப்பற்ற நீரால் நிரப்ப வேண்டும். இல்லையேல் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஆக, செய்ய வேண்டியவை சிறியவை, சலிப்பூட்டுபவை. ஜன்னலுக்குத் திரை. விளக்கு ஆறு மணிநேரம் மட்டும். உணவு இல்லை. பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எறிவது. பிடுங்கிய பாசியோடு அது தின்ற நைட்ரேட்டும் வெளியேறும், ஆகவே அது வெறும் துப்புரவுப் பணி அன்று, கணக்கைத் தீர்ப்பது. பாசி மேயும் நத்தைகள் சில. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல். இந்தக் கடைசி வேலையில் ஒரு கசப்பான எண்கணிதம் உண்டு. நைட்ரேட் 40 என்ற அளவில் இருக்கும்போது பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அது 36 ஆகும், அவ்வளவே. பாதி நீரை மாற்றினால் 20 ஆகும்; ஆனால் அப்படி ஒரேயடியாக மாற்றினால் உயிர்கள் அதிர்ச்சி தாங்கா. ஆகவே 40, 36, பிறகு 32 சொச்சம் என்று படியிறங்க வேண்டியதுதான், அதுவும் வேறு எதுவும் உள்ளே சேராவிட்டால். முதுகு சரியில்லாதவன் என்பதால் அரை வாளிக்கு மேல் அவன் தூக்கக்கூடாது. அரை அரை வாளியாக அவனும் அவன் மனைவியும் மாற்றினார்கள்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் மீன் விட வேண்டும் என்று அவன் துடித்தான். நான் இன்னும் சில வாரம் என்றேன். அந்தக் கருத்து வேறுபாட்டை மிக்ஜாம் புயல் தீர்த்து வைத்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு நீர். மின்சாரம் மூன்று நாள் இல்லை. ஓடாத தொட்டியில் உயிர்வளி குறையும். பாசி பகலில் உயிர்வளியைத் தரும். இரவில் அதுவும் நம்மைப்போல் அதையே உட்கொள்ளும். பாசி அடர்ந்த தொட்டியில் விடியற்காலம்தான் ஆபத்தான நேரம். பேட்டரியில் ஓடும் சிறு காற்றுக்குழாய் ஒன்றை வைத்துக்கொண்டு, அதுவும் தீர்ந்தபின் குவளையால் நீரை மொண்டு மொண்டு ஊற்றி, இரவு முழுவதும் முறைவைத்து விழித்திருந்தார்கள். நத்தைகளில் பாதி பிழைத்தன. மீன்கள் இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது.

தொட்டிக்குள் நடப்பது கடலிலும் நடக்கும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீலமாய் மின்னியதைப் பலரும் கண்டு மகிழ்ந்தனர். நாக்டிலுகா என்னும் நுண்ணுயிர் பெருகியதன் விளைவு அது. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அவ்வுயிர் அளவின்றிப் பெருகி, நீர் பச்சையாக மாறி, உயிர்வளி குன்றியதால் மீன்கள் மடிந்தன, பவளங்களும் மடிந்தன. கண்ணுக்கு விருந்தாக வந்தது வேறோர் இடத்தில் மூச்சை நிறுத்தியது.

அந்தப் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்ததை நாடறியும். மீனவர்கள் படகுகளில் நின்று குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோதும் எண்ணெயை வாளியால்தான் அள்ளினார்கள். இத்தனை ஆலைகளும் இத்தனை இயந்திரங்களும் உள்ள பகுதியில், கடைசியில் வாளியும் கையுமே மிஞ்சுகின்றன. பிறகு டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மறுநாள் மருமகனின் மூத்த பையன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, நம்ம குப்பியில பச்சையா வருமே, அதே அம்மோனியாவா?" அதேதான் என்றேன். "அங்க யாரு சொட்டு போட்டு பாப்பாங்க?" என்றான். அளப்பதற்கென்றே அலுவலகங்கள் உண்டு, கருவிகள் உண்டு, அறிக்கைகளும் உண்டு என்று சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதுமானதாகப் படவில்லை. எங்கள் தொட்டியில் எதை யார் போட்டார் என்பது நோட்டில் இருக்கிறது. கால்வாயின் வரவுப் பக்கத்தில் கையெழுத்திட ஆளில்லை. செலவுப் பக்கத்தில் மட்டும் மீனவன் பெயர் இருக்கிறது.

2024 சனவரி இறுதியில், பொங்கல் கழிந்து, இரு கோமாளி மீன்கள் வந்தன. அம்மோனியா சுழி, நைட்ரைட் சுழி, நைட்ரேட் 10-க்கும் கீழ். பச்சை மயிர் கற்களின் பின்புறம் கொஞ்சம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம். பாசியே இல்லாத கடல் எங்கும் இல்லை. கைப்பிடி அளவு பாசி இருந்தால் நத்தைகளுக்கும் பிழைப்பு நடக்கும். கண்ணாடி மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு கெட்டிப் புள்ளி தோன்றி வட்டமாகப் பரவத் தொடங்கியது. சுண்ணாம்புப் பாசி அது. நீர் நலமாக நிலைபெற்றதற்கு அடையாளம் என்பர். கோமாளி மீன்கள் யாவும் ஆணாகவே பிறக்கும். இரண்டில் வலியது பெண்ணாக மாறும். அந்தச் செய்தியை என் தங்கை வெகுநாள் நம்பவில்லை.

2025 தவக்காலத்தில் அவை முட்டையிட்டன. ஆண்மீன் முட்டைகளை இரவும் பகலும் துடுப்பால் விசிறிக் காத்தது. எட்டாம் நாள் இருட்டிய பின் குஞ்சுகள் வெளிவந்தன. கண்ணும் வாலும் மட்டுமே உள்ள துளிகள். மூன்று நாளில் எல்லாம் இறந்தன. அவற்றின் வாய்க்குள் புகும் அளவுக்குச் சிறிய உணவு எங்களிடம் இல்லை. ரோட்டிஃபர் என்னும் கண்காணா நுண்விலங்கைத்தான் அவை தின்னும். அந்த நுண்விலங்கு தின்பதோ பாசியை. பறங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கோமாளி மீன் வளர்க்கும் ஆய்வாளர்கள் முதலில் வளர்ப்பது மீனை அன்று, நானோகுளோராப்சிஸ் என்னும் பச்சை நுண்பாசியைத்தான்.

"இத்தனை நாள் புடுங்கிப் போட்டது போதாதுன்னு இப்ப காசு குடுத்து பாசி வாங்கணுமா?" என்று சிரித்தான் மருமகன். வெகுநாளுக்குப் பின் அவன் அப்படிச் சிரித்தான். ஆய்வகம் ஒன்றிலிருந்து ஒரு சிறு புட்டிப் பாசி வாங்கிவந்தோம். தண்ணீர் பாட்டில்களில் உப்புநீர் ஊற்றி, கொதிக்கவைத்து ஆற்றி, எந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தொட்டியிலிருந்து விரட்ட மாதக்கணக்கில் பாடுபட்டோமோ அவற்றையே அளந்து ஊற்றினோம். மேற்கு ஜன்னலின் திரையை விலக்கினான். பாட்டில்கள் நான்காம் நாள் இளம்பச்சையாயின. பத்தாம் நாள் கரும்பச்சை. இரண்டாம் முறை முட்டையிட்டபோது பொரித்தவற்றில் ஒன்பது பிழைத்தன. மூன்றாம் முறை நாற்பதுக்கும் மேல். ஒரு வளையல் மீண்டு வந்துவிட்டது. மற்றொன்றுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டில்களில் எது பழையது, எது புதியது என்று பிள்ளைகள் தேதி எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பச்சை மங்கத் தொடங்கினால் அதிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புதிய பாட்டிலில் ஊற்றுவது இளையவளின் வேலை.